அட்டை இல்லாதவர் தகுதியற்றவர்

முருங்கைக்கீரையைக் காம்பிலிருந்து உருவும் வேலை இருக்கிறதே, அது கைக்கு மட்டும்தான் வேலை. வாய் சும்மாதான் இருக்கும். ஒரு முறம் கீரை உருவி முடிப்பதற்குள் சொல்லி முடிக்கிற கதைதான் இது. எட்டுத்திக்கம்பட்டிக்காரர்களின் கதை என்பதால், பாதியில் வழி தவறாமல் இருந்தால் சரி.

எட்டுத்திக்கம்பட்டி மலைமேல் இருக்கிற ஊர். பேரிலேயே எட்டுத் திக்கும் இருப்பதால், ஊர்க்காரர்கள் தனியாகத் திசை எதுவும் கற்றுக்கொள்ளவில்லை. எதற்கு வீண் சிரமம் என்று விட்டுவிட்டார்கள். அந்த ஊரில் சடையன் என்று ஒருத்தன். நல்லவன், உழைப்பாளி, யார் எதைச் சொன்னாலும் சொன்னபடியே செய்வான். அவனைப் பிடித்த பீடையே அதுதான்.

ஆறு மாசத்துக்கு முன்னால் அவன் பெண்டாட்டி பூவாத்தாவுக்கு இடுப்பு வலி எடுத்தது. ஆம்புலன்சுக்குப் போன் போட்டார்கள். நாலு முக்கு ரோட்டில் யாராவது நின்று வழி காட்டுங்கள் என்று டிரைவர் சொன்னார். ஒருத்தர் போதாதென்று நாலு பேர் போய் நின்றார்கள். சடையன் ஒருத்தன். எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்த பரஞ்சோதி ஒருத்தர். வாசிப்பதோடு அவர் வேலை முடிந்தது, அர்த்தத்துக்கு அவர் பொறுப்பில்லை. தலை நிறைய முடி வைத்திருக்கிற மொட்டையன் மூன்றாவது ஆள். நாலாவது, ஊரில் எந்த வழக்கு வந்தாலும் தீர்ப்புச் சொல்கிற ஒச்சம்மா.

நாலு முக்கில் நாலு வழி இருந்தது. வழி காட்டச் சொல்லியிருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு வழியைக் காட்டினார்கள். ஒரு வழிகூட விட்டுப்போகவில்லை, அவ்வளவு நேர்த்தி. டிரைவர் ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்துவிட்டு, கடைசியில் ஊருக்கு வந்து பூவாத்தாவை ஏற்றிக்கொண்டு இறங்குவதற்குள், பிள்ளை பாதி மலையில் ஒரு டீக்கடை வாசலில் வண்டிக்குள்ளேயே பிறந்துவிட்டது. என்ன பிள்ளை என்று கேட்டவர்களுக்கெல்லாம் சடையன், ஆண் பிள்ளை, டீக்கடைக்கு எதிரில் என்று விலாசத்தோடு சொன்னான்.

பூவாத்தா ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். கூப்பிடப் போன சடையனிடம் அவள் சண்டையெல்லாம் போடவில்லை. பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே ஒன்று மட்டும் சொன்னாள்.

"உங்க ஊர்க்காரங்க நாலு பேரும் ஒரு இடத்தையாவது ஒழுங்காக் கண்டுபிடிங்க. கண்டுபிடிச்சோம்னு எவங்கிட்டயாவது எழுதி வாங்கிட்டு வாங்க. அன்னைக்குத்தான் புள்ளையத் தூக்கிக்கிட்டு அந்த வீட்டுக்கு வருவேன்."

சடையன் பிள்ளையை ஒரு தரம் மடியில் வைத்துப் பார்த்துவிட்டு பஸ் ஏறினான். அதற்குப் பிறகு அவனுக்குச் சோறு இறங்கவில்லை. எழுதிக் கொடுக்க யார் இருக்கிறார்கள்? ஊரில் எழுதத் தெரிந்தவர் பரஞ்சோதி ஒருத்தர்தான். அவரும் வாசிக்கத்தான் செய்வார்.

அப்போதுதான் அந்த நோட்டீஸ் வந்தது. கீழே டவுனிலிருந்து ஒரு மன்றத்துக்காரர்கள் மலையில் வழிதேடும் போட்டி வைக்கிறார்களாம். கையில் ஒரு வரைபடம் கொடுப்பார்கள். காட்டுக்குள் எட்டு இடத்தில் கொடி கட்டியிருப்பார்கள். எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட்டுத் திரும்பி வர வேண்டும். நாலு பேர் சேர்ந்தால் ஒரு அணி. நாலு ஞாயிற்றுக்கிழமை, நாலு சுற்று. தகுதி பெற்றவர்களுக்கு 'வழி அறிந்தவர்' என்று சான்றிதழ், சீல் வைத்து. அந்த சீல் என்ற சொல்லைக் கேட்டதும் சடையனுக்குக் கண் கலங்கிவிட்டது.

பரஞ்சோதி விதிகளை வாசித்தார். மற்ற மூன்று பேரும் சம்மணம் போட்டு உட்கார்ந்து கேட்டார்கள்.

முதல் விதி, உறுப்பினர் மட்டுமே கலந்துகொள்ளலாம். உறுப்பினர் என்றால் உறுப்பு உள்ளவர் என்று ஒச்சம்மா விளக்கினாள். அப்படியானால் ஒரு சிக்கல். மொட்டையனுக்கு இடது கை சுண்டுவிரலில் பாதி கிடையாது. கதிர் அறுக்கும்போது போனது. அரை விரல் இல்லாதவனை முழு உறுப்பினர் என்று சொல்லலாமா? மொட்டையன் விரலை மடக்கி மறைத்துக்கொண்டு, நான் வேண்டுமானால் விலகிக்கொள்கிறேன் என்றான். மூன்று பேர் என்றால் அணியே கிடையாது.

ஒச்சம்மா நன்றாக யோசித்தாள். பிறகு பரஞ்சோதியின் வலது கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினாள். அதில் ஆறு விரல்.

"அங்க அரை குறையுது. இங்க ஒண்ணு கூடுது. அணியாச் சேர்த்துப் பார்த்தா நம்மகிட்ட அரை விரல் மிச்சம். யாரு கேட்டாலும் தைரியமாச் சொல்லுங்க."

இரண்டாவது விதி, நாலு சுற்றுகளில் சிறந்த இரண்டு மட்டுமே எடுத்துக்கொள்ளப்படும், மோசமான இரண்டும் தள்ளப்படும். குறைந்தது இரண்டு சுற்றை முடித்தவருக்கே சான்றிதழ். இதைக் கேட்டதும், மோசமான இரண்டையும் முதலிலேயே முடித்துவிடுவது நல்லது என்று மொட்டையன் சொன்னான். கடைசி வரைக்கும் வைத்திருந்தால் அந்த நினைப்பே உறுத்திக்கொண்டிருக்குமாம். அதனால் முதல் இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் நாலு பேரும் வீட்டிலேயே படுத்துக் கிடந்தார்கள். அரைகுறையாகச் செய்யவில்லை. இதைவிட மோசமாக யாராலும் செய்திருக்க முடியாது என்ற திருப்தியோடு எழுந்தார்கள். மீதி இரண்டு சுற்றும் ஒன்றுகூடத் தவறாமல் முடித்தாக வேண்டும் என்பது அப்போதுதான் சடையனுக்கு உறைத்தது. அன்றிலிருந்து அவனுக்குத் தூக்கமும் போனது.

மூன்றாவது விதிதான் முக்கியமானது. கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். போட்டியாளர் ஒவ்வொருவரும் அட்டையுடன் இருக்க வேண்டும். அட்டை இல்லாதவர் தகுதியற்றவர். ஒருவர் அட்டையை இன்னொருவர் பயன்படுத்தக் கூடாது. கொடியைக் கண்டதும், அங்கே தொங்கும் குத்தூசியால் அட்டையில் குத்த வேண்டும். முடிந்ததும் அட்டையை நடுவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

மலையில் அட்டைக்கா பஞ்சம்? மழை பெய்து விட்டிருந்தது. மூன்றாவது ஞாயிறு விடிந்ததும் நாலு பேரும் ஓடைக்கரைப் புல்லில் காலை விட்டுக்கொண்டு நின்றார்கள். அரை மணியில் ஆளுக்கு ஒன்று ஏறிவிட்டது. மொட்டையனுக்கு மூன்று ஏறியது. கூடுதலாக இருந்தால் கள்ளத்தனம் என்று நினைத்துவிடுவார்கள் என்று ஒச்சம்மா இரண்டைச் சுண்ணாம்பு தடவி விழ வைத்தாள்.

போட்டி நடக்கும் இடத்தில் மேஜை போட்டு ஒரு நடுவரம்மா உட்கார்ந்திருந்தார். தொப்பி, கண்ணாடி, கழுத்தில் விசில். அட்டை எங்கே என்று கேட்டார். நாலு பேரும் வேட்டியையும் சேலையையும் முழங்கால் வரைக்கும் தூக்கிக் காட்டினார்கள்.

நடுவரம்மா நாற்காலியை ஒரு முழம் பின்னால் தள்ளிக்கொண்டார். பிறகு மேஜையிலிருந்து நாலு கெட்டிக் காகிதத்தை எடுத்து, ஓரத்தில் பிடித்து நீட்டி, இதுதான் அட்டை என்றார். வாங்கிக்கொண்டு தள்ளி வந்ததும் ஒச்சம்மா பெருமூச்சு விட்டாள்.

"பாவம், எம்புட்டுப் படிச்சிருக்கு அந்தப் பொண்ணு. ஒரு அட்டையப் பார்த்ததில்ல பாரேன். காகிதத்தப் போயி அட்டைங்குது. திருத்தப் போனா மனசு கஷ்டப்படும், விடுங்க."

அதற்குள் குடித்த ரத்தம் போதுமென்று அட்டைகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழ ஆரம்பித்தன. சடையன் பதறிப்போனான். பரஞ்சோதிதான் சமயத்தில் கைகொடுத்தார். அந்தம்மா கொடுத்த காகிதத்தைப் பொட்டலமாக மடித்து, ஆளுக்கு ஒன்றாக அட்டையை உள்ளே போட்டுக் கையில் பிடித்துக்கொண்டார்கள். இதற்குத்தான் காகிதம் கொடுத்திருக்கிறார்கள், எவ்வளவு முன்யோசனை என்று நடுவரம்மாவை மனதுக்குள் பாராட்டிக்கொண்டார்கள்.

விசில் ஊதியதும் மற்ற அணிகளெல்லாம் ஓடின. இவர்களால் ஓட முடியாது. இன்னும் இரண்டு விதி இருந்தது. ஒருவர் மற்றவரைப் பின்தொடரக் கூடாது. ஆகவே யாரும் யாருக்கும் பின்னால் போகக் கூடாது என்று, நாலு பேரும் தோளோடு தோள் உரச ஒரே வரிசையில் நடந்தார்கள். காட்டில் ஒற்றையடிப் பாதைதான் உண்டு. நடுவில் இருந்த இரண்டு பேர் பாதையில் நடந்தார்கள், ஓரத்தில் இருந்த இரண்டு பேர் முள்ளில் நடந்தார்கள். மரம் வந்தால் நின்று, மரத்துக்கு அந்தப் பக்கம் போகிறவர் முன்னால் போய்விடாதபடி பேசி முடிவு செய்துகொண்டு நகர்ந்தார்கள்.

இன்னொன்று, வரைபடத்தை எப்போதும் வடக்குப் பார்த்தே வைத்திருக்க வேண்டும். அந்தப் பொறுப்பை மொட்டையனிடம் ஒப்படைத்திருந்தார்கள். அவன் வடக்கு எது என்று நடுவரம்மாவிடமே கேட்டு, அந்தப் பக்கம் திரும்பி, வரைபடத்தை நெஞ்சில் அணைத்துக்கொண்டான். அதற்குப் பிறகு எந்தப் பக்கம் போனாலும் அவன் முகம் வடக்கேதான் இருந்தது. கிழக்கே போகும்போது நண்டு மாதிரி போனான். தெற்கே போகும்போது பின்பக்கமாகவே போனான். வரைபடத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. பார்க்கச் சொல்லி விதியில் இல்லை.

கொடி என்றார்களே தவிர, என்ன கொடி என்று நோட்டீஸில் போடவில்லை. காடு முழுக்கக் கொடிதான். பிரண்டைக் கொடி, கோவைக் கொடி, பேர் தெரியாத கொடி. ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று குத்தூசியைத் தேடினார்கள். இல்லையென்று உறுதியான பிறகுதான் அடுத்த கொடிக்கு நகர்ந்தார்கள். இப்படி மலையில் ஒரு கொடி பாக்கி விடாமல் பார்த்துக்கொண்டே போனதில், சிவப்பும் வெள்ளையுமாகத் துணிக்கொடி கட்டியிருந்த எட்டு இடமும் தானாகவே வந்து மாட்டின.

ஆனால் ஒவ்வொரு இடத்திலும் தோல்விதான். குத்தூசியைப் பொட்டலத்தில் வைத்து அழுத்தினால், அட்டை நைசாக ஒதுங்கிக்கொள்கிறது. ஓட்டை விழுவதெல்லாம் காகிதத்தில். எட்டு இடத்திலும் இப்படியே. எட்டாவது கொடியில் சடையன் பொட்டலத்தைப் பார்த்துக் கும்பிட்டு, கொஞ்சம் அசையாமல் இரு, எனக்கும் ஒரு பிள்ளை இருக்கு என்று கெஞ்சினான். அது கேட்கவில்லை.

முதலில் வந்த அணிக்கு ஐம்பது நிமிஷம் ஆனதாம். இவர்களுக்கு ஏழு மணி நேரம். நடுவரம்மா தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுத் தனியாக உட்கார்ந்திருந்தார். நாலு பேரும் பொட்டலத்தைப் பிரித்து, விதிப்படி அட்டைகளை ஒவ்வொன்றாக மேஜைமேல் ஒப்படைத்தார்கள். நடுவரம்மா நாற்காலிமேல் ஏறி நின்றுகொண்டார். சடையன் தலையைத் தொங்கப் போட்டு, தப்பு எங்களுடையதுதான், அட்டையில் ஒரு குத்துகூட விழவில்லை, காகிதந்தான் பாழாய்ப் போய்விட்டது என்று சொல்லிவிட்டு அழுதான். பூவாத்தா சொன்னதையும், டீக்கடையையும், பிள்ளையையும் சொன்னான்.

நடுவரம்மா மேலே நின்றபடியே, ஒரு குச்சியால் காகிதத்தைத் தள்ளிப் பார்த்தார்.

"எட்டுக் குத்தும் சரியா இருக்கு. மடிச்சதுனால கூடவே எட்டு இருக்கு. அதை நான் பார்க்கல. உங்களுக்கு நூத்திப்பத்தொன்பது புள்ளி. மேஜைமேல ஊர்றத மட்டும் கீழ எடுத்துப் போடுங்க."

ஒரு சுற்று முடிந்தது. சடையனுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனால் அங்கேயே ஒரு வில்லங்கம் வந்தது. கொடுத்த புள்ளி சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமென்று ஒச்சம்மா சொன்னாள். ஏழு மணி நேரம் காட்டில் நின்றதில் எல்லோர் காலிலும் அட்டை கடித்த புள்ளி சிவப்புச் சிவப்பாக இருந்தது. நாலு பேரையும் வரிசையாக நிற்க வைத்து எண்ணினார்கள். இரண்டு தரம் எண்ணியும் தொண்ணூற்றாறுதான் வந்தது.

அந்தம்மா நம்பிக் கொடுத்திருக்கிறது, இல்லாத புள்ளியை வாங்கிக்கொண்டு போகலாமா? அதுவும் பிள்ளை விஷயத்தில்? நாலு பேரும் மறுபடி ஓடைக்கரைப் புல்லில் போய் நின்றார்கள். மீதி இருபத்து மூன்றும் விழ முக்கால் மணி ஆனது. கடைசிப் புள்ளி சடையனின் முழங்காலில் விழுந்தது. திரும்பி வந்து, இப்போது எண்ணிக்கொள்ளுங்கள் என்று காலை நீட்டினார்கள். நடுவரம்மா காருக்குள் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, சரி சரி என்று கையைக் காட்டினார்.

இனி ஒரு சுற்று. அது எங்கே நடக்கிறது என்ற நோட்டீஸ் வந்ததும் ஊரே கொண்டாடியது. எட்டுத்திக்கம்பட்டியிலேயே. பரஞ்சோதி மட்டும் அடியில் இருந்த வரியையும் வாசித்தார். போட்டி நடக்கும் இடத்தை முன்பே அறிந்தவர் அந்தச் சுற்றுக்குத் தகுதியற்றவர்.

கொண்டாட்டம் அப்படியே நின்றுவிட்டது. பிறந்து வளர்ந்த ஊரை அறியாமல் இருப்பது எப்படி? நாலு பேரும் கூடிப் பேசினார்கள். ஒரு வாரம் இருக்கிறது, முயற்சி செய்தால் மறந்துவிடலாம் என்று ஒச்சம்மா தீர்ப்புச் சொன்னாள். அன்று மாலையே ஆரம்பித்துவிட்டார்கள். ஒச்சம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்கு வழி கேட்டுக்கொண்டே ஊரைச் சுற்றினாள். பரஞ்சோதி தன் வீட்டு வாசலில் நின்று, வீட்டில் யாரும் இருக்கிறீர்களா, குடிக்கக் கொஞ்சம் மோர் கிடைக்குமா என்று தன் பெண்டாட்டியிடம் கேட்டார். அந்தம்மாள் கொடுத்த பதிலை இங்கே சொல்ல முடியாது. மொட்டையன் எல்லோரையும் மிஞ்சிவிட்டான். ஊரில் கிணறு இருப்பதே தெரியாமல் நடந்து போய் அதில் விழுந்தான். தூக்கி விட்டவர்களிடம், இந்த ஊரில் கிணறெல்லாம் இருக்கிறதா என்று கேட்டான்.

சடையனுக்குத்தான் மறதி வரவில்லை. மூன்று நாள் முயன்றான். ஆனால் காலியாகக் கிடக்கிற தொட்டில் கம்பைப் பார்க்கும்போதெல்லாம் இது நம் வீடு என்று தெரிந்துபோகிறது. கடைசியில் வீட்டைப் பூட்டிச் சாவியை நிலைமேல் வைத்துவிட்டு, மீதி நாளெல்லாம் ஊர்ப் பள்ளிக்கூடத்து வராந்தாவிலேயே தங்கிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை நடுவரம்மா வந்தார். நாலு பேரும் இந்த ஊரே தெரியாது என்று சத்தியம் செய்தார்கள். நடுவரம்மா சந்தேகப்பட்டு ஊர்க்காரர்களைக் கேட்டார். ஊர்க்காரர்கள் ஒரே குரலில், இவர்களுக்கு இந்த ஊர் மட்டுமல்ல, எந்த ஊரும் தெரியாது என்று சாட்சி சொன்னார்கள். இத்தனை பேர் சேர்ந்து ஒரு உண்மையைச் சொல்லி நடுவரம்மா கேட்டதில்லை. சரி, இந்த ஒரு சான்றிதழைக் கொடுத்துவிட்டால் அடுத்த வருஷம் வரமாட்டார்கள் என்று அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும். நாலு புதுக் காகிதத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

ஊருக்குள் காடு மாதிரி கொடிகள் கிடையாது. ஏழு இடமும் சீக்கிரமே அகப்பட்டன. எட்டாவது இடம் மேலத்தெருவில் ஒரு ஓட்டு வீடு. மன்றத்துக்காரர்கள் முந்தின நாள் வந்தபோது பூட்டிக் கிடந்ததால், ஆளில்லாத வீடு என்று நினைத்து, வாசலில் துணி காயப்போடும் கொடியிலேயே தங்கள் கொடியைக் கட்டியிருந்தார்கள். மற்ற மூவரும் தெரு முனையில் மரத்தைச் சுற்றுவது பற்றிப் பேசிக்கொண்டிருந்ததால், சடையன்தான் முதலில் வாசலுக்கு வந்தான்.

கொடியில் சின்னச் சின்னத் துணியாகக் காய்ந்துகொண்டிருந்தது. பிள்ளைத் துணி. கதவு திறந்திருந்தது. நடையில் பூவாத்தா, இடுப்பில் பிள்ளையோடு நின்றாள். ஏழு மணி நேரம் காட்டில் சுற்றியும் நாலு பேரும் உயிரோடு வந்தார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, இவர்களுக்கு இதுவே பெரிது என்று மனசு இளகி, காலை முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டாள்.

சடையனுக்கு விதி ஞாபகம் வந்தது. அறிந்தால் தகுதி போச்சு. சான்றிதழ் போச்சு. சான்றிதழ் இல்லாமல் பூவாத்தா எப்படி வருவாள்? பல்லைக் கடித்துக்கொண்டான்.

"ஏங்க," என்றாள் பூவாத்தா. "என்ன அப்படிப் பார்க்கிறீங்க? புள்ளைய வாங்குங்க."

"யாரும்மா நீங்க?" என்றான் சடையன். "யாரு வீடு இது? இல்ல, சொல்லாதீங்க. சொன்னா எனக்குத் தெரிஞ்சுபோகும்."

பிள்ளை அவனைப் பார்த்து எச்சில் ஒழுகச் சிரித்து, இரண்டு கையையும் நீட்டியது. சடையன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். யார் பெற்ற பிள்ளையோ, நம் ஜாடையிலேயே இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டான். காகிதத்தில் ஒரு குத்துக் குத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தான். பூவாத்தா வாயைத் திறந்தபடி நின்றாள். வேறு பக்கமாக வந்து குத்திய மூன்று பேரும் அவளை நலம் விசாரிக்காமல், யாரோ வெளியூர்ப் பொண்ணு என்று மரியாதையாகத் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள்.

எல்லாம் சரியாக முடிந்தது. நடுவரம்மா ஒரு தாளை நீட்டினார். இந்த ஊரை முன்பே அறியேன், வழியில் தெரிந்தவர் எவரையும் சந்திக்கவில்லை என்று அதில் இருந்தது. நாலு பேரும் கைநாட்டு வைத்தார்கள். சான்றிதழ் கைக்கு வந்தது. 'வழி அறிந்தவர்.' நீல நிறத்தில் வட்டமான சீல்.

சடையன் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கவில்லை. மேலத்தெருவில் பார்த்தது தெரிந்த ஆள் இல்லை என்று கைநாட்டே வைத்தாகிவிட்டது. அப்படியென்றால் பூவாத்தா எங்கே இருப்பாள்? அம்மா வீட்டில்தான். மத்தியான பஸ்ஸைப் பிடித்து மாமியார் ஊருக்குப் போய் இறங்கினான். அந்த ஊர் போட்டியில் இல்லாததால் வழி தெரிந்திருப்பதில் குற்றமில்லை.

மாமியார் சான்றிதழையும் பார்த்தாள், மருமகனையும் பார்த்தாள்.

"பூவாத்தா காலையிலயே புள்ளையத் தூக்கிக்கிட்டு உங்க வீட்டுக்குப் போயிட்டாளே மாப்ள. நீங்க பார்க்கலையா?"

சடையன் கையிலிருந்த சான்றிதழை ஒரு தரம் பார்த்தான். முகம் வாடிப்போனது.

"எங்க வீட்டுக்கா? அத்தே, அந்த ஊரே எனக்குத் தெரியாதுன்னு கைநாட்டு வச்சுக் கொடுத்திருக்கேன். இப்ப நேரா வீட்டுல போயி நின்னா அது பொய்யாயிரும். சான்றிதழப் புடுங்கிருவாங்க. சான்றிதழ் இல்லைன்னா பூவாத்தா அந்த வீட்டுக்கு வரவே மாட்டா."

ஆகவே பூவாத்தா வீட்டுக்கு வர வேண்டும் என்பதற்காக, பூவாத்தா இருக்கிற வீட்டுக்குப் போகாமல், சடையன் மாமியார் வீட்டிலேயே தங்கிவிட்டான். சான்றிதழைச் சுவரில் மாட்டிவிட்டு, தினமும் நாலு மணி பஸ்ஸுக்கு வாசலில் போய் நின்று, என் பெண்டாட்டி பிள்ளை இறங்குகிறார்களா என்று பார்ப்பான். எட்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பூவாத்தா அங்கேயிருந்து ஒச்சம்மாவை அனுப்பினாள். ஒச்சம்மா வந்து இறங்கி, வாசலில் நின்ற சடையனை மேலும் கீழும் பார்த்துவிட்டு என்ன கேட்டாள் என்றால், ஏன் தம்பி, உன்னை எனக்கு இதுக்கு முன்னாடி — இந்தா வர்றேன் அத்தே, புள்ள முழிச்சுட்டானா, கீரை உருவின கையை மட்டும் கழுவிட்டு